பிள்ளையை ஏந்திய இன்னொரு கை

சிவகாசியில் அச்சாகும் நாள்காட்டிகளில் தாயும் சேயும் இடம்பெறாத ஆண்டு இருந்ததில்லை. கண்ணனை மடியில் இருத்திய யசோதையும், பிள்ளை முருகனை அணைத்த பார்வதியும் மளிகைக் கடையிலிருந்தும் நகைக் கடையிலிருந்தும் விலையின்றி வந்து, தென்னாட்டு வீடுகளின் கூடத்துச் சுவரில் ஆணியடித்துத் தொங்கினார்கள். அந்த ஓவிய மரபின் மூலவர் கோவில்பட்டி சி. கொண்டையராஜு (1898–1976). மணம் செய்துகொள்ளாமலே வாழ்ந்தவர். அவரிடம் தொழில் கற்று, சிவகாசி அச்சகங்களுக்கு வரைந்து பெயர் பெற்ற சீடர்களும் ஆண்களே. இதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்தப் படங்களின் முன் விளக்கேற்றி வளர்ந்த தலைமுறையைச் சேர்ந்தவன் நான். ஆனாலும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. பெற்றவளே தூரிகை பிடித்திருந்தால் அந்தப் படங்கள் எப்படி இருந்திருக்கும்? பச்சை உடம்புக்காரி ஒருத்தி, பேறுகாலம் முடிந்து எத்தனை மாதம் கழித்துத் தூரிகையைத் தொட்டிருப்பாள்? அந்த நேரத்தில் பிள்ளையை யார் வைத்திருந்திருப்பார்கள்?

இந்தக் கேள்விக்கு ஓவியத்தாலேயே விடை சொன்ன ஒருவரின் வாழ்க்கையை அறிய பாரிஸ் நகரத்துக்குப் போக வேண்டியிருக்கிறது. அவர் பெயர் பெர்த் மொரிஸோ. இம்ப்ரெஷனிசம் என்று இன்று உலகம் கொண்டாடும் ஓவிய இயக்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். மோனே, ரெனுவா, தெகா, பிஸாரோ ஆகியோர் 1874 ஏப்ரலில் நடத்திய முதல் கண்காட்சியில் பங்கேற்ற ஒரே பெண். 1886 வரை அந்தக் குழு நடத்திய எட்டுக் கண்காட்சிகளில் ஏழில் அவருடைய படங்கள் இருந்தன. விடுபட்டது 1879இல் நடந்த நான்காவது கண்காட்சி மட்டும். அதற்கு ஐந்து மாதங்களுக்கு முன்புதான், 1878 நவம்பர் 14 அன்று, அவருக்கு ஜூலி பிறந்திருந்தாள்.

மொரிஸோ 1841 ஜனவரி 14 அன்று பிரான்சின் மையப் பகுதியில் உள்ள பூர்ஷ் நகரில் பிறந்தார். தந்தை அரசின் உயர் நிர்வாக அதிகாரி. நம் ஊர்க் கணக்கில் மாவட்ட ஆட்சியர் என்று கொள்ளலாம். 1852இல் குடும்பம் பாரிசுக்குக் குடிபெயர்ந்தது. அக்காலத்து வசதியான வீட்டுப் பெண்கள் பியானோ கற்பதுபோலப் படம் வரையவும் கற்றார்கள். தந்தையின் பிறந்தநாளுக்கு மகள்கள் தாமே வரைந்த படங்களைப் பரிசளிக்கட்டும் என்று தாய் நினைத்தார். அதற்கு மேல் ஒன்றுமில்லை. ஆசிரியராக வந்த ழோசெஃப் கிஷார் சில காலத்திலேயே அந்தத் தாயை எச்சரித்தார். இந்தப் பெண்கள் பொழுதுபோக்கோடு நிற்கமாட்டார்கள், உண்மையான ஓவியர்களாகிவிடுவார்கள், உங்கள் வட்டாரத்தில் அது பெரும் விபரீதம் என்பது அவர் சொன்னதன் சாரம். தாய் அஞ்சவில்லை. பாடம் தொடர்ந்தது. அரசின் நுண்கலைக் கல்லூரி பெண்களை 1897 வரை சேர்த்துக்கொள்ளவில்லை. ஆகவே லூவ்ர் அருங்காட்சியகத்தில் பழைய மேதைகளின் ஓவியங்களைப் பார்த்து வரைந்தும், நிலக்காட்சி ஓவியர் கோரோவிடம் திறந்த வெளியில் வரையப் பழகியும் கற்றுக்கொண்டார்.

கற்றவர் ஒருவர் அல்லர், இருவர். பெர்த்துக்கு ஓராண்டு மூத்தவர் எத்மா. இருவரும் ஒரே ஆசிரியர்களிடம் பயின்றார்கள். ஒரே லூவ்ர் கூடத்தில் அருகருகே நின்று வரைந்தார்கள். 1864இல் அரசின் ஆண்டுக் கண்காட்சியான சலோனில் இருவர் படங்களும் ஒன்றாகத் தேர்வாயின. தந்தை வீட்டுத் தோட்டத்தில் மகள்களுக்கென ஓவியக்கூடம் கட்டிக்கொடுத்தார். பெர்த் தூரிகையோடு நிற்பதை எத்மா வரைந்த படம் ஒன்று உண்டு. அதைப் பார்க்கும் எவரும் வரைந்தவரைச் சாதாரணமானவர் என்று சொல்லமாட்டார்கள்.

1869இல் எத்மாவுக்குத் திருமணம் ஆயிற்று. கணவர் கடற்படை அதிகாரி; குடித்தனம் லோரியாங் துறைமுக நகரில். அத்தோடு எத்மாவின் ஓவிய வாழ்க்கை பெரும்பாலும் முடிந்தது. யாரும் தடை விதிக்கவில்லை. அதுதான் இதில் கவனிக்க வேண்டியது. ஓவியக்கூடம் இல்லை, உடன் வரையும் தங்கை இல்லை, படத்தைப் பார்த்துப் பேச ஒருவர் இல்லை, அனுப்ப இடமில்லை. பின்னர் குழந்தைகள். தங்கைக்கு எழுதிய கடிதங்களில், பாரிசின் ஓவியக்கூடத்தையே நினைத்து ஏங்குவதாக அவர் தெரிவித்தார்.

பொருளியல் படித்தவர்களுக்கு இந்த இரு சகோதரிகளின் வாழ்க்கை ஓர் இயற்கைச் சோதனைபோலத் தோன்றும். வீடு, பணம், ஆசிரியர், திறமை எல்லாம் ஏறக்குறைய ஒன்று. ஒருவர் தாயானபின் திரும்பி வந்தார், மற்றவர் வரவில்லை. பணக்கார வீட்டுப் பெண்ணுக்குத் திரும்பி வருவதில் என்ன சிரமம் என்று கேட்போருக்கு எத்மாவே பதில். பணம் மட்டும் போதுமென்றால் அவரும் வந்திருக்க வேண்டும்.

எத்மாவைப் பற்றிய ஓவியம்தான் பெர்த் மொரிஸோவின் மிகப் புகழ்பெற்ற படைப்பும் ஆயிற்று. 1872இல் வரையப்பட்ட 'தொட்டில்'. வெண்வலைத் திரைக்குள் குழந்தை பிளான்ஷ் உறங்குகிறது. அருகில் எத்மா கன்னத்தில் கை ஊன்றிக் குழந்தையைப் பார்த்தபடி அமர்ந்திருக்கிறார். பாசம் ததும்பும் படம் என்று காலங்காலமாக எழுதியிருக்கிறார்கள். பாசம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அந்த முகத்தில் களைப்பும் இருக்கிறது. எண்ணம் எங்கோ போன பார்வையும் இருக்கிறது. நம் நாள்காட்டி யசோதைக்குக் களைப்பு கிடையாது. எத்மாவுக்கு உண்டு. தூரிகையைக் கீழே வைத்துவிட்ட ஓர் ஓவியரை, தூரிகையைக் கீழே வைக்காத இன்னோர் ஓவியர் பார்த்து வரைந்த படம் அது. 1874 முதல் கண்காட்சியில் இடம்பெற்றபோது வாங்க ஆளில்லை. குடும்பத்திடமே பல்லாண்டு இருந்து, 1930இல் லூவ்ருக்குப் போய், இன்று பாரிசின் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அக்காவின் கதி தங்கைக்கு நேராதிருக்கக் காரணங்கள் சில உண்டு. பெர்த் திருமணத்துக்கு அவசரப்படவில்லை. 1868இல் லூவ்ரில் எதுவார் மனேயோடு அறிமுகம் ஏற்பட்டது. அவருடைய 'மேல்மாடம்' உள்ளிட்ட பல படங்களுக்கு அமர்ந்தார். கலை வரலாற்றில் நெடுங்காலம் அவரை மனேயின் ஓவியங்களில் தெரியும் கருங்கண் அழகி என்றே குறித்தார்கள். வரைந்தவர் என்று குறிக்க நூறாண்டுகள் ஆயின. 1874 டிசம்பர் 22 அன்று மனேயின் தம்பி யூஜீனை மணந்தார். அப்போது வயது 33. ஆண்டுக்கண்காட்சி நடத்தும் குழு ஒன்றில் அவர் அதற்குள் நிலையான உறுப்பினர். மணமான பிறகும் படங்களில் தம் பிறந்த வீட்டுப் பெயரையே கையெழுத்திட்டார். 1875 மார்ச்சில் பாரிசின் துருவோ ஏல மன்றத்தில் குழுவின் ஓவியங்கள் கேலிக்கு நடுவே ஏலம் போனபோது, அன்றைய உயர்ந்த விலை, 480 பிராங்க், அவருடைய ஓர் ஓவியத்துக்குத்தான் கிடைத்தது. மோனேயும் ரெனுவாவும் அந்த ஏலத்தில் இருந்தார்கள்.

1876இல் தாய் இறந்தார். ஆகவே 37 வயதில் தலைப்பிள்ளை பெற்றபோது, பேறுகாலத்துக்குப் போக அவருக்குத் தாய்வீடு என்று ஒன்று இல்லை. நம் ஊரில் ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பிட்டு அழைத்துப்போகும் அந்த ஏற்பாட்டை வெறும் சடங்கு என்று எண்ணிவிடக் கூடாது. சம்பளமில்லாத உழைப்பை ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு மாற்றிவைக்கும் பொருளாதார ஏற்பாடு அது.

1879 ஏப்ரலில் நான்காவது கண்காட்சி திறந்தபோது அவர் பெயர் அட்டவணையில் இல்லை. அமெரிக்காவிலிருந்து வந்த மேரி காசாட் அந்த ஆண்டுதான் முதன்முறையாகக் குழுவோடு சேர்ந்தார். மொரிஸோவின் இடம் காலியாக இருந்தது. அதை யாரும் அடைத்துவிடவில்லை. 1880 ஏப்ரலில் ஐந்தாவது கண்காட்சிக்கு அவர் பதினைந்து படைப்புகளோடு திரும்பினார்.

பதினைந்து என்ற எண்ணை நின்று பார்க்க வேண்டும். இவை ஒரு வாரத்தில் வரைந்தவை ஆகா. அதாவது இடைவெளி என்று நாம் சொல்லும் 1879ஆம் ஆண்டிலேயே அவர் வரைந்துகொண்டிருந்தார். வீட்டுக்கு அருகிலிருந்த பூலோஞ் பூங்கா ஏரியில் இரு பெண்கள் படகில் அமர்ந்திருக்கும் 'கோடை நாள்' அந்தக் காலத்தது. நீரின் அசைவும் உடையின் மடிப்பும் ஒரே வேகத்தில், குறுக்கும் நெடுக்குமான கோடுகளாக வீசப்பட்ட படம். இன்று இலண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கிறது. வெண்மலர்களின் முன் தோள் தெரிய அமர்ந்த 'நடன உடையில் இளம்பெண்ணும்' 1879ஆம் ஆண்டுப் படைப்பே. இது குறித்துப் பின்னர் சொல்கிறேன். கண்காட்சிக்கு வராதவர் வேலை செய்யாதவர் என்று நினைப்பது நம் பழக்கம். பதிவேட்டில் விடுப்பு என்று எழுதப்பட்ட காலத்தில் என்ன நடந்தது என்று யாரும் பார்ப்பதில்லை.

பூங்காவில் அவர் வரைந்த அந்தக் கோடையில் எட்டு மாதக் குழந்தையை யார் வைத்திருந்தார்கள்? இந்தக் கேள்விக்கு மொரிஸோ மறைக்காமல் விடை தந்திருக்கிறார். வெண்ணிற உடை அணிந்த ஒரு பெண் தோட்டத்தில் அமர்ந்து குழந்தைக்குப் பாலூட்டுகிறாள். அந்தக் குழந்தை ஜூலி. ஊட்டுகிறவர் தாய் இல்லை. கூலிக்கு அமர்த்தப்பட்ட செவிலி ஆஞ்ஜெல். தாய், எதிரே திரைச்சீலைக்கு முன் நின்று வரைந்துகொண்டிருக்கிறார். 1880 என்று குறிக்கப்படும் அந்த ஓவியத்தில் முகம் தெளிவாக இல்லை. பச்சையும் வெண்மையும் இளஞ்சிவப்பும் ஒன்றோடொன்று கலந்து, ஆளும் தோட்டமும் பிரிக்க முடியாதபடி இருக்கின்றன. ஐரோப்பிய ஓவியத்தில் பாலூட்டும் தாய் ஆயிரம் முறை வரையப்பட்டிருக்கிறாள். பெரும்பாலும் அவள் மரியாள். தன் பிள்ளைக்கு இன்னொரு பெண் பால் கொடுப்பதைப் பெற்ற தாயே வரைந்த படம் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். அமெரிக்கக் கலை வரலாற்றாசிரியர் லிண்டா நாக்லின், இந்தப் படத்தில் சந்திப்பவை இரண்டு உழைப்புகள் என்று கவனப்படுத்தினார். ஒருத்தி பாலை விற்கிறாள். மற்றவள் படத்தை விற்பாள். இருவரும் வேலையில் இருக்கிறார்கள்.

அக்காலப் பிரான்சில் பாலூட்டும் செவிலி என்பது பெருந்தொழில். மோர்வான் போன்ற மலைப்பகுதிகளிலிருந்து, பிள்ளை பெற்ற பெண்கள் பாரிஸ் வீடுகளுக்கு வந்தார்கள். அவர்களுடைய சொந்தப் பிள்ளைகள் ஊரில் பாட்டியிடமோ அண்டை வீட்டாரிடமோ விடப்பட்டன. பிள்ளைகள் மடிவது பெருகியதால், பிரெஞ்சு நாடாளுமன்றம் ரூசெல் சட்டம் எனப்படும் சட்டத்தை இயற்றியது. வேறு வீட்டில் தங்கிப் பாலூட்டப் போகும் பெண், தன் கடைசிக் குழந்தை உயிரோடிருப்பதையும், அதற்கு ஏழு மாதம் நிறைந்திருப்பதையும் காட்ட வேண்டும். இல்லையெனில் அந்தக் குழந்தைக்குப் பாலூட்ட இன்னொரு பெண் இருப்பதைக் காட்ட வேண்டும். இந்தச் சட்டத்தின் தேதி 1874 டிசம்பர் 23. மொரிஸோவின் திருமணத்துக்கு மறுநாள். தற்செயல்தான், ஆனால் வரலாறு படிப்பவனுக்கு இத்தகைய தற்செயல்களைக் கடந்துபோக மனம் வருவதில்லை.

தமிழ் மரபு இந்த உறவை நன்கறியும். நிகண்டுகள் ஐவகைத் தாயரைச் சொல்லும்: பாராட்டுந்தாய், ஊட்டுந்தாய், முலைத்தாய், கைத்தாய், செவிலித்தாய். பெற்றவளை நற்றாய் என்று தனியே பிரித்துப் பெயரிட்ட மொழி இது. அக இலக்கியத்தில் செவிலி பேசுகிறாள். உடன்போன மகளைத் தேடிப் பாலை வழியில் நடக்கிறாள். அவள் மகள்தான் தலைவிக்குத் தோழி. பிள்ளை வளர்ப்பு ஒருத்தியின் உடம்பால் மட்டும் முடிகிற காரியம் இல்லை என்பதை இலக்கணமாகவே வகுத்தவர்களின் வழிவந்த நாம், இன்று வேலைக்குத் திரும்பும் பெண்ணைப் பார்த்து, பிள்ளையை யாரிடம் விட்டாய் என்று குற்றம் சாட்டும் குரலில் கேட்கிறோம்.

வகுப்பில் தேசிய வருமானக் கணக்கீட்டை நடத்தும்போது ஆங்கிலப் பொருளியலர் பிகு காட்டிய முரணை ஒவ்வோர் ஆண்டும் சொல்வதுண்டு. வீட்டு வேலைக்காரியை முதலாளி மணந்துகொண்டால் நாட்டின் வருமானம் குறைந்துவிடும்; வேலை அப்படியே நடக்கும், சம்பளம் மட்டும் நின்றுபோகும். மாணவர்கள் சிரிப்பார்கள். ஆஞ்ஜெலின் பால் கணக்கில் ஏறும்; எத்மாவின் பால் ஏறாது. இதைச் சொன்னால் மாணவியர் சிரிப்பதை நிறுத்திவிடுவார்கள்.

பட்டாசு வட்டாரத்தில் இந்தக் கணக்கு ஏட்டளவில் நிற்பதில்லை. விருதுநகர், சாத்தூர், வெம்பக்கோட்டைப் பகுதிக் கிராமங்களில் விடியும் முன் ஆலைப் பேருந்துக்கு நிற்கும் கூட்டத்தில் பெண்களே மிகுதி. திரி வைப்பது, சரம் பின்னுவது, சுருட்டுவது, சீட்டு ஒட்டுவது எனப் பல வேலைகளில் கூலி எண்ணிக்கைக்குத்தான். எண்ணிக்கைக் கூலியில் பேறுகால விடுப்பு என்பது கூலி இல்லாத நாள்களின் பெயர். 2025 வரை 1961ஆம் ஆண்டின் மகப்பேற்றுப் பயன் சட்டம் இருந்தது. 2017 திருத்தத்துக்குப் பின் முதல் இரு பேறுகளுக்கு 26 வாரம் ஊதியத்துடன் விடுப்பு. ஆனால் முந்தைய ஓராண்டில் 80 நாள் வேலை செய்ததற்குச் சான்று வேண்டும். உள்குத்தகைக்கு விடப்பட்ட அறையில் வேலை செய்தவரின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் ஏறாமல் போவதுண்டு. முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் சொன்னது. வெடிமருந்து உலரும் வளாகத்துக்குள் பச்சிளங்குழந்தையைத் தூக்கிக்கொண்டு எந்தத் தாய் வருவாள்? இந்தத் தொழிலுக்குக் காப்பகம் ஆலையில் இருந்து பயனில்லை. பேருந்து புறப்படும் ஊரில், பேருந்து புறப்படும் நேரத்துக்கு முன்பே திறந்திருக்க வேண்டும். அதுவரை, வேப்பமரத்துக் கிளையில் சேலைத் தொட்டில் கட்டி ஆட்டிக்கொண்டிருக்கும் பாட்டிதான் இந்த வட்டாரத்தின் ஆஞ்ஜெல். அவருக்குச் சம்பளம் இல்லை. அவரும் தம் நாளில் தீப்பெட்டி ஒட்டியவராக இருப்பார்.

மொரிஸோ வீட்டுக்குத் திரும்புவோம். ஆஞ்ஜெலுக்குப் பின் பாஸி என்ற பணிப்பெண் ஜூலியைப் பார்த்துக்கொண்டார். அவரும் ஓவியங்களில் வருகிறார்: தோட்டத்தில் தைத்துக்கொண்டு, அல்லது சிறுமிக்கு எதிரே அமர்ந்து. வீட்டில் வேலை செய்பவர்களைப் பின்னணிப் பொருளாக்காமல் நடுவில் வைத்து வரைந்தவர் மொரிஸோ. அவர்களுடைய நேரத்தில்தான் தம் நேரம் விளைகிறது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது என்றே கருதுகிறேன்.

இன்னொரு கை கணவருடையது. யூஜீன் மனேக்கு உத்தியோகம் கிடையாது, குடும்பச் சொத்தில் வாழ்ந்தவர், உடல்நலமும் சுமார். அண்ணனின் புகழ் நிழலில் மறைந்துபோன மனிதர். 1881இல் பூஷிவால் கிராமத்துக் கோடை வீட்டில் மொரிஸோ வரைந்த படத்தில் தந்தை தோட்டத்துப் பெஞ்சியில் அமர்ந்திருக்க, மகள் அவர் மடியில் வைத்த விளையாட்டுப் பொருளோடு ஈடுபட்டிருக்கிறாள். பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் தந்தையை அன்றைய ஓவியத்தில் தேடித்தான் பிடிக்க வேண்டும். அந்தக் குளிர்காலத்தில் குடும்பம் தெற்கே நீஸ் நகரில் இருந்தது. 1882 ஏழாவது கண்காட்சி நெருங்கியபோது குழந்தையோடு மொரிஸோ அங்கேயே தங்கிவிட, யூஜீன் தனியே பாரிசுக்கு வந்தார். எந்தப் படத்தை எங்கே மாட்டுவது, எதற்கு என்ன சட்டம் போடுவது, என்ன விலை கேட்பது என்று மனைவியின் படங்களுக்கு அவரே நின்று ஏற்பாடு செய்து, கடிதம் கடிதமாக எழுதித் தெரிவித்தார்.

இதே குழுவில் இருந்த மரி பிராக்மோனின் கதை வேறு. அவர் கணவரும் பெயர் பெற்ற ஓவியர். மனைவியின் புதிய ஓவிய முறை அவருக்குப் பிடிக்கவில்லை. வீட்டுச் சச்சரவு சகிக்காமல் 1890 வாக்கில் மரி வரைவதையே ஏறக்குறைய நிறுத்திவிட்டார். நம் நாட்டிலும் இரு துருவங்களைக் காட்டலாம். தாகூர் குடும்பத்துச் சுனயனி தேவி (1875–1962) பன்னிரண்டு வயதில் மணமாகி, குடித்தனத்துக்கு நடுவே, முப்பது வயதை ஒட்டித்தான் தூரிகையை எடுத்தார். அண்ணன்மார் அபனீந்திரநாத்தும் ககனேந்திரநாத்தும் அதே வீட்டில் வரைந்துகொண்டிருந்தது அவருக்கு வாய்த்த பள்ளிக்கூடம். சென்னை ஓவியக் கல்லூரியில் கே.சி.எஸ். பணிக்கரிடம் பயின்ற டி.கே. பத்மினிக்குத் திரும்பிவரும் வாய்ப்பே கிடைக்கவில்லை. திருமணமான மறு ஆண்டு, 1969 மே மாதம், 29 வயது நிறையும் முன்பே மகப்பேற்றில் இறந்துபோனார். ஜெர்மனியின் பவுலா பெக்கர் 1907இல் மகள் பிறந்த சில வாரங்களுக்குள் இறந்ததை இதோடு சேர்த்தே நினைக்க வேண்டியிருக்கிறது. மொரிஸோ திரும்பிய கதை, முதலில் பிழைத்த கதை.

1883இல் பாரிசில் சொந்த வீடு கட்டினார்கள். அதில் அவருக்கென்று தனி ஓவியக்கூடம் இல்லை, வரவேற்பறையே ஓவியக்கூடம். விருந்தினர் வந்தால் வண்ணத்தட்டும் திரைச்சீலையும் மறைவிடத்துக்குப் போகும். தனி அறை இல்லாததைக் குறையாகவும் பார்க்கலாம். பிள்ளை கண்ணில் படும் இடத்தில் வரைவதற்கு அவர் தேர்ந்த வழியாகவும் பார்க்கலாம். வியாழக்கிழமை மாலைகளில் அந்த அறைக்கே ரெனுவாவும் தெகாவும் மோனேயும் கவிஞர் மல்லார்மேயும் உணவுக்கு வந்தார்கள். ஜூலி அங்கே படித்தாள், வயலின் பழகினாள். கைக்குழந்தை முதல் பதினாறு வயதுப் பெண்வரை அவள் வளர்ந்த ஒவ்வொரு கட்டமும் தாயின் படங்களில் இருக்கிறது. பிள்ளை அவருடைய வேலைக்கு இடையூறாக இருந்ததைக் காட்டிலும் வேலையின் பொருளாக மாறியதே அதிகம். எனினும் இதை எல்லாப் பெண்களுக்கும் வழிகாட்டியாக நீட்டிவிடக் கூடாது. வெடிமருந்து அறையில் அது நடவாது.

1892 ஏப்ரலில் யூஜீன் இறந்தார். அடுத்த மாதம் மொரிஸோவின் முதல் தனிக் கண்காட்சி பாரிசில் நடந்தது, வயது 51. நடந்துகொண்டிருந்த ஏற்பாட்டைத் துக்கத்துக்காக அவர் நிறுத்தவில்லை. 1894இல் ஒரு சேகரிப்பாளரின் ஓவியங்கள் ஏலத்துக்கு வந்தபோது, மல்லார்மேயின் முயற்சியால் பிரெஞ்சு அரசு மொரிஸோவின் ஓர் ஓவியத்தை 4,500 பிராங்குக்கு வாங்கியது. அவர் உயிரோடிருந்தபோது அரசு வாங்கிய படம் அது: முன்னர் குறிப்பிட்ட 'நடன உடையில் இளம்பெண்'. பிள்ளை பெற்றபின் வந்த முதல் ஆண்டில், கண்காட்சி அட்டவணையில் பெயரே இல்லாத அந்த 1879இல் வரைந்தது.

1895 குளிர்காலத்தில் ஜூலிக்கு இன்ஃபுளுவென்சா காய்ச்சல் கண்டது. உடனிருந்து பார்த்துக்கொண்ட தாய்க்கும் தொற்றி, நுரையீரல் அழற்சியாக முற்றியது. மார்ச் 2 அன்று, 54 வயதில், மொரிஸோ இறந்தார். நூற்றுக்கணக்கான ஓவியங்களை வரைந்த அவருடைய இறப்புச் சான்றிதழில், தொழில் எதுவும் இல்லை என்று எழுதினார்கள். பாஸி கல்லறைத் தோட்டத்தில் அவர் பெயருக்குக் கீழே பொறித்திருப்பது, யூஜீன் மனேயின் விதவை என்பது. சட்டப்படி பார்த்தால், சான்றிதழ் வாங்கி வேலைக்கு வந்த ஆஞ்ஜெலுக்குத் தொழில் இருந்தது. அவரை வரைந்தவருக்கு இல்லை. 2013 பிப்ரவரியில் இலண்டன் ஏலத்தில் மொரிஸோ 1881இல் வரைந்த ஓவியம் ஒன்று ஒரு கோடி டாலருக்கு மேல் போய், அதுவரை பெண் ஓவியர் ஒருவரின் படைப்புக்குக் கிடைத்த மிக உயர்ந்த ஏல விலை என்று செய்தி வந்தது. சான்றிதழ் எழுதிய எழுத்தருக்கு அதனால் ஒன்றுமில்லை.

இறந்து ஓராண்டு நிறைந்தபோது, 1896 மார்ச்சில், ஏறத்தாழ 400 படைப்புகளோடு அவருக்கு நினைவுக் கண்காட்சி நடத்தினார்கள். மோனேயும் ரெனுவாவும் தெகாவும் மல்லார்மேயும் தாமே வந்து படங்களை மாட்டினார்கள். சித்திரங்களுக்கான தடுப்பு ஒன்றைப் பெரிய கூடத்தின் நடுவில் வைத்தே தீர வேண்டும் என்று தெகா பிடிவாதம் பிடிக்க, மற்றவர்கள் மறுக்க, பெருஞ்சண்டை மூண்டது. தாய் தந்தை இருவரையும் இழந்த பதினேழு வயது ஜூலி, சுவரெங்கும் தன் குழந்தை முகங்கள் தொங்க, அந்தக் கூடத்தில் நின்று படங்களை எடுத்துக்கொடுத்தாள். இரவு வீட்டுக்குப் போய், யார் யார் என்ன சொல்லிச் சண்டையிட்டார்கள் என்பதைத் தன் நாட்குறிப்பில் ஒன்று விடாமல் எழுதிவைத்தாள்.